தூக்க மருந்தின் வேலையை வலிப்பு மருந்து மாற்றிவிடுவது எப்படி?

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1996இல் ஒரு சிறிய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வலிப்பு நோய்க்காகக் கார்பமசெபின் அல்லது ஃபெனிடாயின் எடுத்துவந்த ஆறு பேரும், அந்த மருந்துகள் எதையும் எடுக்காத ஏழு பேரும் அதில் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில், 15 மில்லிகிராம் மிடசோலம் என்ற மயக்க மருந்து, விழுங்கும் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு முன் பதற்றம் தணியவும், எண்டோஸ்கோபி போன்ற பரிசோதனைகளின்போது அரைத்தூக்கத்தில் வைத்திருக்கவும் மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் மருந்துதான் அது.

வலிப்பு மருந்து எடுக்காத ஏழு பேருக்கும் கண் சொருகியது. இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை அந்தக் கிறக்கம் நீடித்தது. வலிப்பு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கோ எதுவுமே தெரியவில்லை. ரத்தத்தை எடுத்து அளந்தபோது காரணம் புலப்பட்டது. அவர்கள் உடலில் சுற்றிய மிடசோலத்தின் மொத்த அளவு, மற்ற ஏழு பேரிடம் இருந்ததில் 5.7 சதவீதம் மட்டுமே. கொடுத்த மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஆனால் இருபதில் ஒரு பங்கை ஒட்டிய அளவுதான் அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

மீதி எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இதைப் புரிந்துகொள்ள மருந்தியல் படித்திருக்க வேண்டியதில்லை. வலிப்பு மாத்திரையும் தூக்க மாத்திரையும் ஒரே வீட்டில், பல சமயம் ஒரே டப்பாவில் இருக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன். ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், விளக்கம் பின்னால் வரும்: எந்த மருந்தோடு எந்த மருந்து சேர்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான். எப்போது தொடங்கியது, எப்போது நிறுத்தியது என்ற தேதிதான் மீதிப் பாதி.

மருந்து உடலைவிட்டு வெளியேறும் வழி

தூக்க மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் மூளை. மூளைக்குள் நுழைய வேண்டுமானால் அது கொழுப்பில் நன்றாகக் கரையக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தக் குணமே வெளியேறும்போது தடையாகிறது. சிறுநீரகம் அதை வடிகட்டினாலும், கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் நுண்குழாய்களின் சுவர் வழியே ஊடுருவி மீண்டும் ரத்தத்துக்கே வந்துவிடும். இதை மட்டும் நம்பியிருந்தால் ஒரு மாத்திரையின் மயக்கம் தெளியவே நெடுநாள் ஆகும்.

ஆகவே உடல் முதலில் அந்த மருந்தைத் தண்ணீரில் கரையும் பொருளாக மாற்றியாக வேண்டும். இந்த மாற்றத்தைத்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம். முக்கியமாக அது நடப்பது கல்லீரலில். குடல் சுவரிலும் ஓரளவு நடக்கிறது. அந்தக் குடல் சுவர்தான் நம் கதையில் பின்னால் பெரிய பங்கு வகிக்கப் போகிறது.

மாற்றும் வேலையைச் செய்பவை நொதிகள், அதாவது என்சைம்கள். பொதுவாக இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் மருந்தின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணு செருகப்படும். அடுத்த கட்டத்தில், அந்த இடத்தில் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருள் ஒட்டப்படும். அதன்பிறகு மருந்து தண்ணீரில் எளிதாகக் கரைந்து சிறுநீரோடு போய்விடும். எல்லா மருந்துகளும் இரண்டு கட்டத்தையும் கடப்பதில்லை. சில தூக்க மருந்துகள் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக இரண்டாம் கட்டத்துக்குப் போகும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

முதல் கட்ட நொதிகளின் குடும்பத்துக்குச் சைட்டோகுரோம் பி450 என்று பெயர். ஜப்பானில் ஓமுராவும் சாட்டோவும் 1960களின் தொடக்கத்தில் கல்லீரல் செல்களிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நிறமிப் பொருள், கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை உறிஞ்சியது. அந்த எண்தான் பெயரில் நிற்கிறது. இந்தக் குடும்பத்தில் பல உறுப்பினர்கள் உண்டு. நமக்கு வேண்டியவர் சிஒய்பி 3ஏ4. நாம் பயன்படுத்தும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இந்த ஒரு நொதியின் கையில்தான் உடைகின்றன. மிடசோலம், அல்பிரசோலம், சோல்பிடெம் ஆகிய தூக்க, பதற்ற மருந்துகள் எல்லாமே பெரும்பாலும் இதன் வழியாகத்தான் போகின்றன. இரண்டாம் கட்டத்தில் குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதிகளுக்கு யுஜிடி என்று பெயர். லோரசெபம் என்ற தூக்க மருந்து நேராகப் போவது அவற்றிடம்.

நொதிகள் பெருகினால்

கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிட்டு முடித்த இலையை எடுக்க நான்கு பேர் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று நாற்பது பேர் வந்து நின்றால், விருந்தாளி பாயசத்தில் கை வைப்பதற்குள் இலை போய்விடும். கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய மூன்று பழைய வலிப்பு மருந்துகளும் கல்லீரலில் செய்வது இதைத்தான். தூக்க மருந்தை அவை நேரடியாகத் தொடுவதில்லை. வயிற்றுக்குள் இரண்டு மாத்திரைகளும் சந்தித்துச் சண்டை போடுவதுமில்லை. அகற்றும் ஆட்களின் எண்ணிக்கையை உயர்த்திவிடுகின்றன, அவ்வளவுதான்.

பலர் இந்த இடத்தில்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "காலையில் அதைப் போட்டுக்கொள்கிறேன், ராத்திரி இதைப் போட்டுக்கொள்கிறேன், நடுவில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறதே" என்று சொல்பவர்கள் உண்டு. இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் பிரித்துப் போடச் சொல்வார்கள் அல்லவா, அதுபோல இதையும் நினைக்கிறார்கள். இரும்பும் தைராய்டு மாத்திரையும் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் நேரம் பிரித்தால் தீர்வு கிடைக்கிறது. இங்கே மாறியிருப்பது கல்லீரல். அது காலையிலும் அப்படித்தான் இருக்கும், இரவிலும் அப்படித்தான் இருக்கும். மணி பார்த்துப் பிரித்துப் போடுவதால் ஒரு பயனும் இல்லை.

செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கல்லீரல் செல்லில் சில காவல் புரதங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் வேதிப்பொருள்களை அடையாளம் காண்பது அவற்றின் வேலை. பிஎக்ஸ்ஆர் என்பது அவற்றுள் முக்கியமானது. 1998இல்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. சிஏஆர் என்று இன்னொன்றும் உண்டு. கார்பமசெபின் போன்ற மருந்து செல்லுக்குள் வந்ததும் இந்தப் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. செல்லின் உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் சிஒய்பி 3ஏ4 நொதிக்கான மரபணுவின் அருகில் அமர்ந்து, "இதை இன்னும் அதிகமாகப் படி எடு" என்று தூண்டுகின்றன. படிகள் பெருகுகின்றன. படியைப் பார்த்துப் புரதம் கட்டும் வேலை வேகமெடுக்கிறது. நாளாக நாளாக நொதி குவிகிறது.

உடல் ஏன் இப்படி அமைந்திருக்கிறது? அன்னியப் பொருள் ஒன்று தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தால், அதை வெளியேற்றும் திறனைக் கூட்டிக்கொள்வது உயிருக்குப் பாதுகாப்பு. தாவரங்களில் உள்ள நஞ்சுகளைத் தின்று பிழைத்த விலங்குகளுக்கு இது பெரிய வரம். ஆனால் அந்தக் காவல் புரதத்துக்கு நஞ்சு எது, டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. தன்னை எழுப்பிய மருந்தை மட்டும் குறிவைக்கவும் தெரியாது. அந்த நொதி எதையெல்லாம் உடைக்குமோ அதையெல்லாம் வேகமாக உடைக்கத் தொடங்குகிறது. தூக்க மாத்திரை அதில் மாட்டிக்கொள்கிறது. கருத்தடை மாத்திரையும் இதே வழியில்தான் பலமிழக்கிறது. குழந்தை இப்போது வேண்டாம் என்றிருக்கும் பெண்களிடம் வலிப்பு மருந்து எழுதும்போதே இதைச் சொல்லியாக வேண்டும்.

கார்பமசெபினில் இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. அதையும் உடைப்பது சிஒய்பி 3ஏ4தான். ஆகவே அது தன்னை அழிக்கும் நொதியைத் தானே பெருக்கிக்கொள்கிறது. புதிதாகத் தொடங்கும்போது அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய 25 முதல் 65 மணி நேரம் ஆகும். தொடர்ந்து எடுத்துவந்தால் அதுவே 12 முதல் 17 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இந்த மாற்றம் முழுமையடைய மூன்று முதல் ஐந்து வாரம் பிடிக்கிறது. டாக்டர்கள் கார்பமசெபினைச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலிகள் தூங்கிய நேரம்

நொதி பெருகுவதை அறிவியல் முதன்முதலில் கவனித்த சம்பவங்களில் ஒன்றே வலிப்பு மருந்தையும் தூக்க மருந்தையும் சுற்றித்தான் நடந்தது. ஃபீனோபார்பிட்டோன் 1912இல் ஜெர்மனியில் லுமினல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தூக்க மருந்தாக வந்ததுதான். அதே ஆண்டில் ஆல்ஃபிரட் ஹௌப்ட்மன் என்ற மருத்துவர் அது வலிப்பையும் அடக்குவதைக் கண்டார். இந்த வகை மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு நாளடைவில் அதே அளவு போதாமல் போவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூளை பழகிவிட்டது என்றுதான் பொதுவாக நினைத்தார்கள்.

1950களின் இறுதியில் ஹெர்பர்ட் ரெம்மர் என்ற ஜெர்மானிய மருந்தியலாளர் வேறு கோணத்தில் பார்த்தார். விலங்குகளுக்குச் சில நாள் ஃபீனோபார்பிட்டோன் கொடுத்துவிட்டு, அவற்றின் கல்லீரல் மற்ற மருந்துகளை எவ்வளவு வேகமாக உடைக்கிறது என்று ஆராய்ந்தார். வேகம் கூடியிருந்தது. ஹெக்சோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை எலிக்கு ஊசியாகப் போட்டு, அது எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று அளப்பது அக்காலத்தில் இத்தகைய ஆய்வுகளின் எளிய வழி. முன்பே ஃபீனோபார்பிட்டோன் பெற்ற எலிகள் சீக்கிரம் விழித்துக்கொண்டன. அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஆலன் கானி உள்ளிட்டோர் இதே திசையில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். மூளை பழகுவது ஒருபுறம் உண்மைதான். ஆனால் மருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதே குறைகிறது என்பது புதிய செய்தியாக இருந்தது. பிறகு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஃபீனோபார்பிட்டோன் பெற்ற விலங்கின் கல்லீரல் செல்லுக்குள் அந்த நொதிகள் அமர்ந்திருக்கும் சவ்வுகளே பெருகியிருப்பது தெரிந்தது. செல்லின் உருவமே மாறுகிறது என்றால் ஒரே நாளில் வருவதும் போவதுமான மாற்றமாக இது இருக்க முடியாது.

வாரக்கணக்கு

இப்போது முன்பு சொன்ன தேதி விஷயத்துக்கு வருவோம். கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம்.

ஐம்பது வயதுப் பெண் ஒருவர் பதற்றத்துக்காகச் சில ஆண்டுகளாகத் தினமும் அல்பிரசோலம் எடுத்துவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவருக்குக் கன்னத்தில் மின்சாரம் பாய்வதுபோல முக நரம்பு வலி வருகிறது. நரம்பு டாக்டர் கார்பமசெபின் எழுதுகிறார். அந்த வலிக்கு அது நல்ல மருந்து. அவருக்கு வலிப்பு நோயே கிடையாது, ஆகவே "நீங்கள் வலிப்பு மாத்திரை எடுக்கிறீர்களா" என்று யாராவது கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார். (கார்பமசெபினையும் வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தையும் மனநிலை பெரிதாக ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கும் கொடுக்கிறார்கள். அவர்களும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். நோயின் பெயரைக் கேட்பதைவிட மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.)

முதல் சில நாட்கள் அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வழக்கத்தைவிட அதிகமாகவே வரும். காரணம், கார்பமசெபினுக்கே கிறங்கவைக்கும் குணம் உண்டு. நொதி இன்னும் பெருகவில்லை. பத்து நாள், இரண்டு வாரம் கழிந்ததும் நிலை தலைகீழாகிறது. ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கார்பமசெபின் பத்து நாள் கொடுத்தபின், அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம் 17 மணியிலிருந்து 8 மணியை ஒட்டிக் குறைந்தது. உடல் அதை அகற்றும் வேகம் இரண்டேகால் மடங்குக்கும் மேல் கூடியது. கணக்குப் போட்டால், ரத்தத்தில் சராசரியாக நூறு பங்கு இருந்த இடத்தில் இப்போது நாற்பத்திரண்டு பங்கு.

அந்தப் பெண் மாத்திரையைக் குறைக்கவில்லை. ஆனால் அவர் உடலுக்கு, யாரோ சொல்லாமல் கொள்ளாமல் பாதி மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டதுபோலத்தான். தூக்கம் கெடும், பதற்றம் திரும்பும், கை நடுங்கும். அல்பிரசோலம் வகை மருந்துகளை நெடுநாள் எடுத்தவர்களுக்கு அளவு வேகமாக இறங்கினால் வலிப்பே வரக்கூடும். "பழைய நோய் முற்றிவிட்டது" என்று வீட்டில் நினைப்பார்கள். புது மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் ஆகிவிட்டதால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் எழாது. இந்தத் தாமதம்தான் இந்த விளைவை ஒளித்துவைக்கிறது.

நிறுத்தும்போது இதைவிடக் கவனம் வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பெண்ணின் நிலையைப் பார்த்த டாக்டர் அல்பிரசோலத்தின் அளவைக் கூட்டியிருக்கலாம். ஆறு மாதம் கழித்து முக வலி அடங்கி, கார்பமசெபின் படிப்படியாக நிறுத்தப்படுகிறது. தூண்டிவிட்ட மருந்து போனதும் புதிய நொதி கட்டப்படுவது குறையும். ஏற்கெனவே இருக்கும் நொதி மெல்லச் சிதையும். பழைய நிலை திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த வாரங்களில் அல்பிரசோலத்தின் அளவு ரத்தத்தில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும், எடுக்கும் மாத்திரை மாறாமலேயே. பகலில் தள்ளாட்டம், நாக்குழறல், வயதானவரென்றால் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு என்று போய் நிற்கலாம். நிறுத்திய மாத்திரை மருந்துச் சீட்டிலேயே இருக்காது. சீட்டைப் பார்க்கும் புதிய டாக்டருக்குத் துப்பு கிடைக்க வழியே இல்லை. ஃபீனோபார்பிட்டோனாக இருந்தால் இன்னும் நீளும். அது ரத்தத்தில் பாதியாகவே மூன்று நான்கு நாள் எடுக்கும் மருந்து என்பதால், நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் உடலில் இருந்து நொதியைத் தூண்டிக்கொண்டிருக்கும்.

ஒரே நொதி, இரண்டு மருந்துகள், ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கவனமாகப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். அல்பிரசோலம் நாற்பத்திரண்டு பங்காகத்தான் குறைந்தது, மிடசோலம் மட்டும் ஏன் ஆறு பங்குக்கும் கீழே போனது? இரண்டையும் உடைப்பது அதே சிஒய்பி 3ஏ4தானே?

மருந்தின் அளவு ஒரு காரணம். சோதனையில் இருந்த வலிப்பு நோயாளிகள் நெடுநாளாக முழு அளவில் மருந்து எடுத்தவர்கள். அதைவிடப் பெரிய காரணம் மருந்து கடந்துபோகும் பாதை. விழுங்கிய மாத்திரை ரத்த ஓட்டத்துக்குப் போகும்முன் இரண்டு சுங்கச் சாவடிகளைத் தாண்ட வேண்டும் என்று பாடப்புத்தகங்களில் சொல்வதுண்டு: முதலில் குடல் சுவர், பிறகு கல்லீரல். இரண்டிலும் சிஒய்பி 3ஏ4 இருக்கிறது. அல்பிரசோலம் இவற்றிடம் அதிகம் பறிகொடுக்காத மருந்து. விழுங்கியதில் பத்துக்கு ஒன்பது பங்கு ரத்தத்துக்குப் போய்விடும். அதன்பிறகு சுற்றிச் சுற்றி வரும்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாக உடைகிறது. மிடசோலம் அப்படியல்ல. வலிப்பு மருந்தே எடுக்காதவர்களிடம்கூட, விழுங்கிய அளவில் பாதிக்கும் குறைவுதான் இரண்டையும் தாண்டி ரத்தத்துக்கு வருகிறது. நொதி பல மடங்கு பெருகியபின் குடல் சுவரிலேயே பெரும்பகுதி உடைந்துபோகிறது; தப்பியதைக் கல்லீரல் பிடித்துக்கொள்கிறது; அதையும் மீறி ரத்தத்துக்குப் போனதும் வேகமாக மறைகிறது. ஹெல்சிங்கி சோதனையில் அது பாதியாகக் குறையும் நேரமும் 3.1 மணியிலிருந்து 1.3 மணியாகச் சுருங்கியிருந்தது. மூன்று இடத்தில் இழப்பு. அதனால்தான் அவ்வளவு பெரிய வீழ்ச்சி.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அதே மிடசோலத்தை நரம்பில் ஊசியாகப் போட்டால் குடலும் இல்லை, முதல் சுற்றுக் கல்லீரலும் இல்லை. போட்ட முழு அளவும் ரத்தத்தில் இருக்கிறது, நிமிடங்களில் மூளைக்குப் போகிறது. ஒற்றை ஊசியின் உடனடி விளைவை நொதிப் பெருக்கம் அவ்வளவாகத் தொடாது. மயக்கம் சீக்கிரம் தெளியலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகச் சொட்டு சொட்டாக ஏற்றும்போதுதான் அகற்றும் வேகம் முக்கியமாகிறது. அங்கே கூடுதல் அளவு தேவைப்படலாம். அறுவை சிகிச்சைக்கு முன் "என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள்" என்று மயக்கவியல் டாக்டர் கேட்பதற்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது. தயவுசெய்து முழுப் பட்டியலையும் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினையும் விடாதீர்கள். அது வலிப்பு மருந்தல்ல என்றாலும் இதே பிஎக்ஸ்ஆரை மிக வலுவாக எழுப்புவது. விழுங்கும் மிடசோலத்தை அது கார்பமசெபினுக்கு இணையாகவே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

வால்ப்ரோயேட் செய்வது இதற்கு நேர்மாறு

எல்லா வலிப்பு மருந்தும் நொதியைப் பெருக்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. நம் ஊரில் மிகப் பரவலாக எழுதப்படும் சோடியம் வால்ப்ரோயேட் எதிர்த்திசையில் போகிறது. யுஜிடி நொதிகளின் வேலையை அது தடுக்கிறது. லோரசெபம் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராக யுஜிடியிடம் போகும் மருந்து என்று பார்த்தோம். அந்தக் கதவை வால்ப்ரோயேட் பாதி சாத்திவிட்டால் லோரசெபத்துக்கு வேறு வழியில்லை. ரத்தத்தில் தேங்குகிறது. எவ்வளவு தேங்குகிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. அகற்றும் வேகம் 17 சதவீதம் குறைந்ததாக ஒன்றும், 40 சதவீதம் குறைந்ததாக இன்னொன்றும் சொல்கின்றன. அமெரிக்காவில் லோரசெபத்தோடு தரப்படும் அதிகாரபூர்வக் குறிப்பு, வால்ப்ரோயேட்டோடு சேர்த்துக் கொடுக்கும்போது லோரசெபத்தின் அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கச் சொல்கிறது.

தடுப்பதற்கும் பெருக்குவதற்கும் காலத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. புதிய நொதி கட்டப்பட நாளாகும். இருக்கும் நொதியை மறிக்க நாளாகாது. மறிக்கும் மருந்து போதிய அளவில் ரத்தத்தில் வந்தவுடனேயே விளைவு தொடங்கிவிடும். ஆகவே வால்ப்ரோயேட் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே அளவுக்கு மீறிய தூக்கத்தை எதிர்பார்த்து விழிப்பாக இருக்க வேண்டும்.

ஃபீனோபார்பிட்டோனோடு வால்ப்ரோயேட் சேரும்போதும் இதே ஆபத்து. ஃபீனோபார்பிட்டோன் உடைவதையும் அது தடுக்கிறது. ஓர் ஆய்வில் ஃபீனோபார்பிட்டோன் பாதியாகக் குறையும் நேரம் 50 சதவீதம் நீண்டது. ஏற்கெனவே நாட்கணக்கில் உடலில் தங்கும் மருந்து அது. மேலும் தங்கினால் குழந்தை எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருக்கும் நிலை வரலாம். அப்படிப்பட்ட தூக்கத்தை "மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உடைந்த பிறகும் வேலை செய்யும் மருந்துகள் வேறு இருக்கின்றன. வலிப்புக்குக் கொடுக்கும் குளோபசம் அப்படிப்பட்டது. அது உடையும்போது உண்டாகும் பொருளுக்கும் தூக்கம் தரும் குணம் உண்டு. தாய் மருந்தைவிட நெடுநேரம் உடலில் தங்கவும் செய்யும். அந்த இரண்டாம் பொருளை அகற்றுவது சிஒய்பி 2சி19 என்ற இன்னொரு நொதி. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய கன்னாபிடியால் என்ற மருந்துக்குச் சில கடுமையான குழந்தைப்பருவ வலிப்புகளுக்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது இந்த 2சி19ஐத் தடுக்கிறது. விளைவாகக் குளோபசத்தின் அளவு பெரிதாக மாறாமலேயே அதன் இரண்டாம் பொருள் மூன்று மடங்காக ஏறுகிறது. ரத்தத்தில் குளோபசத்தை மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். குழந்தையோ தூங்கி வழியும்.

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலும் மாட்டாத வலிப்பு மருந்துகளும் இருக்கின்றன. லெவெடிரசெட்டம் அவற்றில் முதன்மையானது. அதில் மூன்றில் இரண்டு பங்கு உடையாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. நொதிகளைப் பெருக்குவதுமில்லை, தடுப்பதுமில்லை. காபாபென்டினும் அப்படியே. ஆனால் தூக்கம் தரும் குணம் இவற்றுக்கும் உண்டு. தூக்க மாத்திரையோடு சேரும்போது இரண்டின் கிறக்கமும் மூளையில் ஒன்றுசேரும். அது வேறு வகைச் சேர்க்கை, கல்லீரலுக்கு அதில் பங்கில்லை. கார்பமசெபினிலிருந்து லெவெடிரசெட்டத்துக்கு மாற்றப்படுபவர்கள், புதிய மருந்து சாதுவானது என்பதால் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பழைய மருந்து விலகியதன் விளைவு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில்தான் தெரியும். மருந்து மாற்றும் நாளிலேயே "என் தூக்க மாத்திரை அளவை எப்போது பார்க்க வேண்டும்" என்று டாக்டரிடம் கேட்டு, தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கார்பமசெபினை நீங்களாக நிறுத்துவதோ, தூக்கம் வரவில்லை என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டுவதோ வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம். அது உயிருக்கே ஆபத்து.

வலிப்புள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இவ்வளவும் படித்தபின் ஒரு பயம் வரும். வலிப்பை நிறுத்த, வீட்டில் அவசரத்துக்கு மூக்கில் அடிக்க மிடசோலம் ஸ்பிரே வாங்கி வைத்திருப்பார்கள். பிள்ளை தினமும் எடுப்பதோ ஃபெனிடாயின். அப்படியானால் ஸ்பிரே பலிக்காதா? பலிக்கும். மூக்கின் உட்சவ்வு வழியாக மருந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. குடலிடமும் கல்லீரலிடமும் முதலில் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. தொண்டைக்குள் வடிந்து விழுங்கப்படும் சிறு பகுதி மட்டும் வீணாகலாம். அதனால் டாக்டர் காட்டிக்கொடுத்தபடி, குறித்துக்கொடுத்த அளவில், தயங்காமல் அடியுங்கள். ஃபெனிடாயின் எடுக்கிறானே என்று இரட்டிப்பாக அடிக்க வேண்டாம். அளவு கூடினால் மூச்சு மந்தமாகும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நின்றது மீண்டும் வந்தாலோ 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் இறங்கியதும் தினமும் எடுக்கும் மாத்திரைகளின் பெயரையும், ஸ்பிரே அடித்த நேரத்தையும் முதலில் சொல்லுங்கள்.